முதுகில் போட்ட ஊசி

“முதுகில்தானே ஊசி போட்டார்கள், தலையில் இல்லையே?”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் இப்படிக் கேட்டபோது பின்வரிசையில் இருந்த ஜூனியர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்க வைக்கக் கேட்கவில்லை. அவருடைய கட்சிக்காரரின் எதிர்வாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. 76 வயதுப் பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிவு அறுவை சிகிச்சை. முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து முடித்தார்கள். நினைவே போகவில்லை என்றால் புத்தி எப்படித் தடுமாறும்? தடுமாறவில்லை என்றால், ஐந்தாம் நாள் மகன் பெயருக்கு அவர் எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் செல்லும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: முழு மயக்கம் மூளைக்கு ஆகாது, முதுகு ஊசி என்றால் பயமில்லை.

ஊரும் ஆளும் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பரமத்தி வேலூர் பக்கம், ராஜவாய்க்கால் பாயும் கிராமம். பெரியவருக்கு அங்கே இரண்டரை ஏக்கர், தானே சம்பாதித்தது. ஒரு பகுதி வெற்றிலைக் கொடிக்கால், மீதி கரும்பு. வெல்லம் காய்ச்சிப் பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போடுவார். மகன் கூடவே இருந்து வெள்ளாமை பார்த்தார். மகளைத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர் குடும்பத்தில் கொடுத்திருந்தது. 2019 மழைக் காலத்தில் மாட்டுக் கொட்டாயில் வழுக்கி விழுந்தார். மகன்தான் தூக்கிக்கொண்டு சேலத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினார், கடன் வாங்கிப் பணம் கட்டினார், ராத்திரியெல்லாம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிராக நின்றவன் என்பதாலேயே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் வெளியே வந்தது பல மாதம் கழித்து. பயிர்க் கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார் பெரியவர். சிட்டாவைப் பார்த்த எழுத்தர், “ஏனுங்க மாமா, நெலம் உங்க பேர்ல இல்லீங்களே” என்றார். பெரியவர் கணினி தப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மகனிடமே கேட்டிருக்கிறார். “நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க” என்றாராம் மகன்.

மகள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தபோது அவருடைய கோபம் அண்ணன்மேல்கூட அவ்வளவு இல்லை. “முழு மயக்கம் குடுத்து எங்கப்பாவோட மூளையக் கெடுத்துப்புட்டாங்க சார். ஆஸ்பத்திரி மேலதான் கேஸ் போடோணும்” என்றார். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, உடம்புக்கு எது நடந்தாலும் நுகர்வோர் மன்றம் என்பது மக்கள் மனதில் பதிந்துபோன வழி. நான் கேஸ் ஷீட் வரட்டும் என்றேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த விதியைக் குறிப்பிட்டுப் பெரியவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனது. நகல் வந்தது.

கட்டைப் பிரித்ததுமே மகளின் வழக்கு அடிபட்டுப் போயிற்று. மயக்க மருந்துத் தாளில் ‘ஸ்பைனல்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. முழு மயக்கம் கொடுக்கவே இல்லை. ஆனால் அதே கட்டில், மருத்துவர்களின் தட்டச்சுக்குப் பின்னால், நர்ஸ்கள் கையால் எழுதிய குறிப்புகள் இருந்தன. நான் வாசித்த மருத்துவ ஆவணங்களில் நர்ஸ் குறிப்பைப் போல உண்மை பேசுவது வேறில்லை. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகும் பெண், நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டுப் போகிறாள். நாளைக்கு எந்தக் கோர்ட்டில் இது விரியும் என்று அவள் நினைப்பதில்லை.

முதல் நாள் இரவு: நோயாளி தூங்கவில்லை, மாட்டை அவிழ்த்து விடச் சொல்லிக் கத்துகிறார். இரண்டாம் இரவு: குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கினார், கைகள் காஸ் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டன, மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது. மூன்றாம் நாள் பகல் அமைதி, மகனிடம் பேசினார். அன்று இரவு மறுபடியும். ஐந்தாம் நாள் காலை 6 மணி: இது எந்த இடம் என்று தெரியவில்லை, ஜெயில் என்கிறார். அன்று காலை 9.30க்கு டிஸ்சார்ஜ்.

இனி பத்திரத்தைப் பார்ப்போம். எந்த ஆவணத்தையும் தாக்கல் செய்த நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் பதிவு அலுவலர் அதன்மேல் குறிக்க வேண்டும். பதிவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அது. இதில் குறித்திருந்த நேரம் பகல் 12.40. சேலத்திலிருந்து பரமத்தி வேலூர் 70 கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்ஸ் வீட்டுக்குப் போகவில்லை, வழியில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றிருக்கிறது. முத்திரைக் கட்டணம் ஆன்லைனில் கட்டிய ரசீதின் தேதி அதற்கும் இரண்டு நாள் முன்னால். தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடும் மனிதர், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். சாட்சிகள் இருவர்: மகனின் மச்சினன், பத்திர எழுத்தர் அலுவலகத்துப் பையன்.

மருத்துவமனைமேல் வழக்கு வேண்டாம், பத்திரத்தின்மேல் போடுவோம் என்றேன். மகள் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாதவர் பெரியவர்தான்.

“வக்கீலு, நான் பைத்தியக்காரன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா? பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கற நேரமுங்க இது.”

அவர் பயம் பொய்யில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டில் ஒருவருக்கு ‘மனசு சரியில்லை’ என்று பேச்சு கிளம்பினால், ஜாதகம் எடுக்கும் எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேரும். நான் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பிரித்தேன். 1872இல் எழுதிய சட்டம். 12ஆவது பிரிவில் ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: நல்ல புத்தியுள்ள ஒருவர் காய்ச்சல் வேகத்தில் பிதற்றிக்கொண்டிருக்கிறார்; அந்தப் பிதற்றல் நீடிக்கும் வரை அவரால் ஒப்பந்தம் செய்ய முடியாது. காய்ச்சல் இறங்கியதும் அவர் பழைய ஆள்தான். “உங்களப் பைத்தியம்னு இது சொல்லலீங்க ஐயா. காய்ச்சக்காரர்னு சொல்லுது” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்பச் சரி” என்றார். உடனே ஒரு கேள்வி: “கையக் கட்டிப் போட்டாங்களே, அதையும் படிப்பீங்களா?” படித்தாக வேண்டும் என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சார்பு நீதிமன்றத்தில் வழக்கு. வாதி பெரியவரே. சித்தம் தெளிவில்லாத நாளில் எழுதியதால் பத்திரம் செல்லாது என்பது முதல் வாதம். செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், முதுமையாலும் நோயாலும் மனம் தளர்ந்திருந்தவர்மேல் செல்வாக்கைச் செலுத்தி வாங்கியது, 16ஆவது பிரிவு, என்பது மாற்று வாதம்.

எதிர்த்தரப்பு முதலில் ஒரு சாமர்த்தியமான மனுப் போட்டது. வாதி சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அவர் வக்கீலே எழுதியிருக்கிறார். அப்படியானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளைப்படி காப்பாளர் மூலமாகத்தான் வழக்குப் போடலாம், இந்த வழக்கு நிற்காது. பொறி நன்றாக இருந்தது. இன்றைக்குத் தெளிவு என்றால் அன்றைக்கும் தெளிவு. அன்றைக்குக் கலக்கம் என்றால் இன்றைக்கும் வழக்காட முடியாது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம். நீதிபதி பெரியவரை அருகில் அழைத்துச் சில கேள்விகள் கேட்டார். கரும்பு எந்தப் பட்டத்தில் நடுவது என்று தொடங்கியவர், வெல்லம் மூட்டை என்ன விலை போனது என்பதில் முடித்தார். மனு தள்ளுபடி.

விசாரணையில் சார்பதிவாளரைக் கூப்பிட்டோம். நேர்மையாகவே சொன்னார். முதியவர்கள் வண்டியில் வந்தால் இறங்கிப் போய்ப் பார்ப்பது வழக்கம், பார்த்தேன், பெயர் கேட்டேன், சொன்னார், அப்பா பெயர் கேட்டேன், சொன்னார், மகனுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதமா என்றேன், தலையாட்டினார். சட்டமும் அவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை. எழுதிக் கொடுப்பவர் மைனராகவோ, மூளை வளர்ச்சியற்றவராகவோ, பைத்தியமாகவோ தோன்றினால் பதிய மறுக்க வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 35ஆவது பிரிவு. வந்து வந்து போகும் குழப்பம் வண்டிச் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் டிஸ்சார்ஜ் சம்மரிதான் எதிர்த்தரப்பின் துருப்புச் சீட்டு. அதில் ‘கான்ஷியஸ், ஓரியன்டட்’ என்று அச்சடித்திருந்தது. அதே காலை 6 மணி நர்ஸ் குறிப்பைக் காட்டிக் கேட்டேன். கணினியில் இருக்கும் பொதுப் படிவத்தில் அந்த வரி தானாகவே வரும் என்று ஒப்புக்கொண்டார். எலும்பைப் பார்ப்பவர் எலும்பைப் பார்த்தார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பிறகு மயக்க மருத்துவர் வந்தார். சம்மன் போனதும் எனக்குப் போன் செய்தவர் அவர். “என் மேல கேஸ் ஏதும் இல்லையே சார்?” என்று கேட்டார். இல்லை என்ற பிறகும் பயந்துகொண்டேதான் கூண்டில் ஏறினார். அவரிடம்தான் அந்த முதுகு, தலைக் கேள்வி வந்தது.

அவர் அவசரப்படவில்லை. முதுகு ஊசி போட்டால் மூளை தப்பிக்கும் என்று நாங்களும் வெகுநாள் நினைத்ததுதான் என்று ஆரம்பித்தார். ‘ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பழைய அப்பாவாக இல்லை’ என்று குடும்பங்கள் சொல்லும் புகார்களை 1955இலேயே பெட்ஃபோர்ட் என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதிவிட்டார். மயக்க மருந்தின்மேல் சந்தேகம் அன்றே இருந்தது. 1998இல் அதே இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு 60 வயது தாண்டிய 1,218 பேரைப் பரிசோதித்தது. பெரிய அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நினைவிலும் கவனத்திலும் சரிவு, மூன்று மாதம் கழித்தும் பத்தில் ஒருவருக்கு அது இருந்தது. அப்படியானால் முழு மயக்கத்தைத் தவிர்த்தால் போதுமே? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதுகு ஊசி, மறு பாதிக்கு முழு மயக்கம். 2021இல் முடிவு வந்தது. சித்தக் குழப்பம் முதுகு ஊசிக்காரர்களில் 20.5 சதவீதம், முழு மயக்கக்காரர்களில் 19.7 சதவீதம். சீனாவில் 65 வயது கடந்த 950 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில் 6.2க்கு 5.1. அந்த ஆய்வில் மரக்கும் ஊசிக்காரர்களுக்குத் தூக்க ஊசிகூடச் சேர்க்கவில்லை.

“அப்போ எந்த ஊசியா இருந்தாலும் வருமா?” நீதிபதியே கேட்டார்.

“வரலாம்ங்க ஐயா. எலும்பு முறிஞ்ச அதிர்ச்சி, வலி, தூக்கமின்மை, ரத்தத்துல உப்பு குறையறது, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கண்ணாடியும் காது மெஷினும் இல்லாம ஐசியூல படுத்திருக்கறது, எல்லாம் சேர்ந்துதான். ஊசி அதுல ஒண்ணு.”

நான் மருந்துத் தாளைக் கொடுத்தேன். அறுவை சிகிச்சையின்போது மிடாசோலம். அன்றிரவும் மறுநாள் இரவும் வலிக்கும் தூக்கத்துக்குமாக ஃபோர்ட்வின், ஃபெனர்கன். நம் பக்கத்து வார்டுகளில் கைவந்த ஜோடி அது. வயதானவர்களுக்கு ஃபெனர்கன் போன்றவை குழப்பத்தைக் கூட்டும், தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். இரவுப் பணி மருத்துவர் எழுதியது, தான் எழுதியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஆக, மகளும் மகனும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்த ‘எந்த மயக்கம்’ என்ற கேள்வி, வழக்குக்கு உதவாத கேள்வி. அந்தக் கட்டிலில் அந்த ஐந்து நாள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பு விடவில்லை. பெயரும் அப்பா பெயரும் சரியாகச் சொன்னவருக்குக் குழப்பம் எப்படி என்று கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதிலை நான் இன்றுவரை எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சொல்லி வருகிறேன். சித்தக் குழப்பம் வந்தவர் சொந்தப் பெயரை மறக்க வேண்டியதில்லை. அவரால் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று 1990இல் ஷாரன் இனூயி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. செய்து பார்க்க ஒரு எளிய வழி: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி, வியாழன். தெளிவானவர் தயங்கித் தயங்கியாவது முடிப்பார். குழம்பியவர் நடுவழியில் வேறெங்கோ போய்விடுவார். கத்திக் கையை உதறுபவரையாவது வீட்டார் கவனிப்பார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு சாதுவாகப் படுத்திருக்கும் இன்னொரு வகையை, ‘அப்பா அசதியில இருக்காரு’ என்று விட்டுவிடுவார்கள். ஆம்புலன்சில் தலையாட்டியவர் அந்த வகையில் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

பெரியவரின் சாட்சியம் பத்து நிமிடத்துக்குமேல் போகவில்லை. “எனக்கு ஒண்ணும் முழுசா நாபகம் இல்லீங்க. எங்கய்யன் கட்டிலோரம் வந்து நின்னாருங்க. அவரு செத்து நாப்பது வருசம். வண்டியில ஆரோ என் கட்டவெரலப் புடிச்சாங்க. போலீசுன்னு நெனச்சனுங்க.” குறுக்கு விசாரணையில் மகனைத் திட்டச் சொல்லித் தூண்டிப் பார்த்தார்கள். “அவன் கெட்டவன் இல்லீங்க, பயந்துட்டான்” என்றார். தங்கை பங்கு கேட்பாள், அப்பா பிழைக்க மாட்டார் என்ற இரட்டைப் பயம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுத முத்திரைத் தீர்வை அப்போது எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தாலும் அதிகபட்சம் 25,000 ரூபாய்தான். ஆம்புலன்சைத் திருப்ப அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரத்தில் குழப்பம் தெளிந்துவிட்டது. அதன்பின் வந்தது நீடித்தது. சாயங்காலமானால் பயம், சாப்பாடு இறங்காது, கொடிக்கால் பக்கமே போக மாட்டார், கை கட்டப்பட்டதைச் சொல்லிச் சொல்லி அழுவார். சான்றிதழுக்காக மனநலப் பிரிவுக்குப் போன இடத்தில்தான் இதை மனச்சோர்வு என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். வழக்கு இல்லாவிட்டால் ‘வயசாயிடுச்சு’ என்பதோடு போயிருக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முன் வாங்கிய சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, மகன் கையெழுத்து. நோயாளி அன்று முழு நினைவோடு இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் சம்மதத்தை அவரிடமே வாங்க வேண்டும், அதுவும் போதிய விவரம் சொல்லி வாங்க வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சமீரா கோலியின் தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்று, மருத்துவர் கட்டணம் பெறும் உரிமையை மறுத்து 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. பெரியவரின் படிவத்தில் மயக்க மருந்தின் ஆபத்துகள் என்று நெடிய பட்டியல் இருந்தது. சில நாள் புத்தி தடுமாறலாம், வீட்டார் பயப்படாமல் பக்கத்தில் இருங்கள் என்ற ஒரு வரி இல்லை. அந்த வரி தமிழில் இருந்திருந்தால் மகன்கூட அந்தப் பத்திரத்துக்குப் போயிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். மகளிடம் இதைச் சொல்லி, வேண்டுமானால் இதற்குத் தனியாகப் போகலாம் என்றேன். அப்பா போதும் என்றுவிட்டார்.

2023இல் தீர்ப்பு. பத்திரம் எழுதிய நேரத்தில் வாதிக்குச் சித்தத் தெளிவு இல்லை, பத்திரம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது. எந்த வகை மயக்க மருந்து என்பதை வைத்து மனநிலையை ஊகிக்க முடியாது என்றும், அச்சடித்த சம்மரியைவிட அந்தந்த நேரத்தில் கையால் எழுதிய குறிப்பை நம்புவதாகவும் நீதிபதி எழுதினார். மாற்று வாதத்துக்கு நாங்கள் காட்டிய கிருஷ்ண மோகன் குல் வழக்கையும் ஏற்றார். நூறு வயது கடந்தவர் எழுதியதாகச் சொன்ன செட்டில்மெண்ட் அது. எழுதிக் கொடுத்தவரைத் தன் கைக்குள் வைத்திருந்தவர்தான் பத்திரம் நியாயமாக நடந்தது என்று நிரூபிக்க வேண்டும் என 2003இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

மகன் மேல்முறையீடு செய்தார். அது நிலுவையில் இருக்கும்போதே பெரியவர் தானாகப் போய் வேறு பத்திரம் எழுதினார்: ஒன்றரை ஏக்கர் மகனுக்கு, ஒரு ஏக்கர் மகளுக்கு, தன் ஆயுள் வரை அனுபவம் தனக்கு. இந்த முறை மனநல மருத்துவரின் சான்றிதழ் இணைத்து, தமிழில் கையெழுத்துப் போட்டு. மேல்முறையீடு வாபஸ் ஆயிற்று.

வீட்டில் வயதானவருக்கு அறுவை சிகிச்சை என்றால், முதுகு ஊசியா முழு மயக்கமா என்று மருத்துவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கண்ணாடியையும் காது மெஷினையும் கட்டிலருகே வையுங்கள், இரவில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், தூக்க ஊசி எதற்கு என்று கேளுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லும் வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள், வங்கிப் படிவமாக இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதே விதி. கேஸ் ஷீட் நகலை, நர்ஸ் குறிப்புகளோடு சேர்த்து, அதற்குள் எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.